ஒன்பதாம் பந்தியை மாற்றுங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் கணினிப் பாடநெறி நடத்தும், மாணவர்களை உள்ளகப் பயிற்சிக்கு எடுக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உப்புவெளியில் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, ஸ்கேன், கணினி திருத்தம், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, இவைதான் தொழில். சனி, ஞாயிறில் நாலைந்து பிள்ளைகள் வந்து லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் பழகுவார்கள். அவர்களில் அரைவாசிப் பேர் உங்கள் மாணவர்கள். உங்களில் சிலருடைய பயிற்சிப் படிவங்களைப் பிரதி எடுத்துக் கொடுப்பதும் நான்தான். ஆகவே யாரோ வெளியாள் எழுதிய மடல் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். பயிலுநர் எழுதும் மென்பொருள் எல்லாம் நிறுவனத்துக்கே என்று அந்தப் படிவங்களின் ஒன்பதாம் பந்தி சொல்கிறது. அதை மாற்றச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

போன வருடம் மாரி தொடங்கிய நேரம் மூதூரிலிருந்து ஒரு ஐயா கடைக்கு வந்தார். 2006இல் இடம்பெயர்ந்தபோது வீட்டுப் பெட்டியோடு காணி உறுதியும் போய்விட்டது. பிறகு அலைந்து திரிந்து ஒரு பிரதி எடுத்தார்கள். அதுவும் தொலையக் கூடாது என்று கனடாவில் இருக்கும் மகன் அதைக் கோப்பாக்கி, திறந்த மூல மென்பொருள் (மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடியது) ஒன்றால் பூட்டி, தகப்பனுக்கு அனுப்பியிருந்தார். இப்போது பிரதேச செயலகத்துக்கு ஒரு அச்சுப்பிரதி வேண்டும். கடவுச்சொல்லை ஐயா கலண்டர் தாள் ஒன்றில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தமிழ்ச் சொல். அடித்தேன், திறக்கவில்லை. திரும்ப அடித்தேன். பத்துத் தடவை இருக்கும். மகனுக்கு வட்ஸ்அப்பில் எடுத்தோம், அங்கே நடுச்சாமம். அவர் அடித்தால் திறக்கிறது, நான் அடித்தால் இல்லை. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஐயா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இவனுக்குத் தமிழ் அடிக்கத் தெரியாது என்று நினைத்திருப்பார்.

அன்று கடையில் இருந்த ஒரு மாணவிதான் விஷயத்தைப் பிடித்தாள். உண்மையான கடவுச்சொல்லை இங்கே எழுத முடியாது, எங்கள் ஊர்ப் பெயரையே உதாரணமாக எடுப்போம். (தயவுசெய்து யாரும் அதைக் கடவுச்சொல்லாக வைத்துவிடாதீர்கள்.) 'திருகோணமலை'யில் ஒரு 'கோ' இருக்கிறது. யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்தையும் கணினியில் குறிக்கும் பொது முறையில், 'கோ'வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தை எழுதி, அதனுடன் ஓகாரக் குறி என்ற ஒரே குறியைச் சேர்க்கலாம். அல்லது ககரம், இரட்டைக்கொம்பு, அரவு என்று தனித்தனியாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்குள் முதல் விதத்தில் ஊர்ப் பெயர் 10 குறிகள், 30 பைட். இரண்டாவதில் 11 குறிகள், 33 பைட். 'கொ', 'கௌ' போன்றவை எல்லாவற்றிலும் இதே சிக்கல்தான். மகனின் தொலைபேசி முதல் விதத்தில் எழுதுகிறது. என் கடைக் கணினியில், பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடாக மாற்றித் தரும் ஒரு பழைய கருவி இருக்கிறது. அது இரண்டாவது விதத்தில் எழுதுகிறது.

சாதாரண எழுத்து வேலையில் இது பெரிய விஷயமில்லை. என்கிரிப்ஷனில், அதாவது கோப்பைக் கடவுச்சொல்லால் பூட்டும் வேலையில், உயிர்போகும் விஷயம். கடவுச்சொல்லின் பைட்டுகளை அரைத்துத்தான் திறவுகோல் செய்யப்படுகிறது. ஒரு பைட் மாறினாலும் வருவது முற்றிலும் வேறொரு திறவுகோல். 'கிட்டத்தட்டச் சரி' என்று ஒன்று அங்கே கிடையாது. ஐயாவின் காணி உறுதி ஒரு அரவுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தது.

இதற்குத் தீர்வு பழையது. கடவுச்சொல்லை அரைக்க முன்னர் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். 2017இல் வந்த ஆர்.எஃப்.சி. 8265 என்ற இணையத் தர ஆவணமும் கடவுச்சொற்களை அப்படிச் சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றச் சொல்கிறது. அந்த மென்பொருள் அதைச் செய்யவில்லை. ஆங்கிலம் மட்டும் அடிப்பவருக்கு இந்தப் பிரச்சினை கண்ணில் படவே படாது. மாணவி வீட்டிலிருந்து தன் மடிக்கணினியில் இரண்டு இரவு உட்கார்ந்து திருத்தம் எழுதினாள். நாற்பது வரிகூட இல்லை. அவளுடைய கெட்டித்தனம் எங்கே என்றால், முதலில் அடித்தபடியே திறந்து பார்க்கிறது, திறக்காவிட்டால் மட்டும் வடிவத்தை மாற்றித் திரும்ப முயல்கிறது. இல்லாவிட்டால் ஏற்கெனவே பிரித்தெழுதிய வடிவத்தில் பூட்டிய பழைய கோப்புகள் எல்லாம் ஒரே நாளில் திறக்காமல் போயிருக்கும். முப்பது வருடம் கணினியோடு கிடக்கும் எனக்கு அது தோன்றவில்லை.

திருத்தத்தை அனுப்பினாள். மென்பொருளைப் பராமரிப்பவர்கள் இரண்டு நாளில் நல்ல பதில் போட்டார்கள். சோதனைக் கோப்புகள் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தாள். பிறகு வழக்கமான கேள்வி வந்தது: இந்த நிரலைத் தர உங்களுக்கு உரிமை இருக்கிறதா? இருந்தால் உங்கள் பெயரில் ஒப்பமிடுங்கள். நீங்கள் வேலை செய்யும் அல்லது படிக்கும் இடத்துக்கு இதில் பாத்தியதை இருந்தால் அவர்களுடைய சம்மதக் கடிதமும் வேண்டும்.

அப்போதுதான் அவள் தான் கையெழுத்திட்ட பயிற்சிப் படிவத்தை எடுத்து வாசித்தாள். ஒன்பதாம் பந்தி. உங்களில் பலருடைய படிவங்களிலும் ஒரு சொல், இரண்டு சொல் வித்தியாசத்தோடு அதே பந்தி இருக்கிறது. யாரோ ஒருவருடையதை மற்றவர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். சாரம் இதுதான்: பயிற்சிக் காலத்திலும் அதன்பின் ஒரு வருடத்துக்கும், வேலை நேரத்திலோ வெளியிலோ, பயிலுநர் உருவாக்கும் சகல மென்பொருள், கண்டுபிடிப்பு, எண்ணம் ஆகியவற்றின் 'காப்புரிமை' நிறுவனத்தையே சாரும்.

எண்ணம்! நிலாவெளிக் கடற்கரையில் நடக்கும்போது ஒரு பிள்ளைக்குத் தோன்றுவதும் உங்களுடையதாம்.

அந்தக் 'காப்புரிமை' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் புலமைச் சொத்துச் சட்டத்தின் தமிழில் பேட்டன்ட் என்றால் ஆக்கவுரிமை, கொப்பிரைட் என்றால் பதிப்புரிமை. இந்தியப் பத்திரிகைகளில் காப்புரிமை என்பது சில இடத்தில் முதலாவதற்கும் சில இடத்தில் இரண்டாவதற்கும் வருகிறது. படிவம் எதைச் சொல்கிறது? கையெழுத்திட்ட பிள்ளைக்கும் தெரியாது, படிவம் கொடுத்தவருக்கும் தெரியாது. இரண்டும் ஒன்றல்ல. பதிப்புரிமை நீங்கள் எழுதிய நிரல் வரிகளின் மீது தானாகவே வருவது. ஆக்கவுரிமை ஒரு வழிமுறையின் மீது, விண்ணப்பித்து, பரிசீலித்து, நாடு நாடாக எடுக்கவேண்டியது. முதலாவது என் வரிகளைக் கொப்பியடிக்காதே என்கிறது. இரண்டாவது, நீயே தனியாக யோசித்துக் கண்டுபிடித்திருந்தாலும் பாவிக்காதே என்கிறது.

மாணவி ஒப்பமிடவில்லை. நேர்மையான பிள்ளை. தன் நிறுவனத்திடம் போய் ஒரு வரிக் கடிதம் கேட்டாள்: 'இதில் எங்களுக்கு உரிமை கோரிக்கை இல்லை.' அவ்வளவுதான். முதல் முறை போனபோது, வெளிநாட்டுக்காரனுக்கு ஏன் இலவசமாகக் கொடுக்கிறாய் என்று கேட்டார்கள். இரண்டாம் முறை ஒரு பொறுப்பாளர் உற்சாகமாகிவிட்டார்: 'இதுக்குப் பேட்டன்ட் எடுக்கலாமே!' மூன்றாம் முறையிலிருந்து பதில் இல்லை. ஏழு மாதம். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்ல, விஷயம் விளங்கவில்லை. உங்களில் யாராக இருந்தாலும் அதையே சொல்லியிருக்கக்கூடும் என்பதால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

சரி, அந்தப் பேட்டன்ட் யோசனையைப் பார்ப்போம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 62ஆம் பிரிவு: கணித முறைகளுக்கு ஆக்கவுரிமை கிடையாது. கணினி நிரல்களை அதே சட்டம் புத்தகம், கட்டுரையோடு சேர்த்துப் பதிப்புரிமையின் கீழ் வைத்திருக்கிறது. மேலும் புதிதாக இருந்தால்தானே ஆக்கவுரிமை. எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது இருபது வருடத்துக்கு மேலாகப் பலரும் எழுதிவைத்த முறை. இதையெல்லாம் தாண்டி ஒன்று கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அது இலங்கைக்குள் மட்டும் செல்லும். அந்த மென்பொருளோ ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் இருக்கிறது. 2007இல் வந்த அந்தப் பதிப்பின் 11ஆம் பிரிவின்படி, பங்களிப்பவர் தன் பங்களிப்பைத் தொடும் ஆக்கவுரிமைகளைப் பாவிக்கும் அனுமதியையும் எல்லோருக்கும் சேர்த்தே கொடுக்கிறார். அப்பாச்சி 2.0 என்ற இன்னொரு திறந்த மூல உரிமத்திலும் அப்படி ஒரு பிரிவு உண்டு. அங்கே ஆக்கவுரிமையைக் காட்டி வழக்குப் போட்டால் உங்களுக்குக் கிடைத்த அனுமதியும் போய்விடும். ஆகவே திருத்தத்தைக் கொடுத்தால் பேட்டன்டால் அந்த மென்பொருளிடம் ஒரு சதமும் வாங்க முடியாது. கொடுக்காவிட்டால் பெட்டிக்குள் ஒரு பத்திரம் இருக்கும், ஐயாவின் கோப்பு திறக்காது.

என்கிரிப்ஷன் துறைக்கு இந்த நோய் புதிதல்ல. ஆர்.எஸ்.ஏ. என்ற பூட்டும் முறையை 1977இல் பகிரங்கமாக வெளியிட்ட பிறகுதான் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அதனால் அமெரிக்காவில் மட்டும் 1983இல் கிடைத்தது, மற்ற நாடுகளில் பெரும்பாலும் வாய்ப்பே போய்விட்டது. ஒரே நிரல் அமெரிக்காவில் உரிமை மீறல், திருகோணமலையில் சும்மா. 2000 செப்டம்பரில், காலாவதியாக இரண்டு வாரம் இருக்கும்போது, உரிமையாளரான கம்பனி தானே கையை எடுத்தது. ஐடியா என்ற சுவிஸ் முறையின் கதை இன்னும் பொருத்தம். மின்னஞ்சலையும் கோப்பையும் பூட்டும் பழைய பி.ஜி.பி. மென்பொருள் அதைத்தான் பாவித்தது. வியாபாரம் இல்லாத பாவனைக்கு இலவசம் என்றார்கள், ஆனால் அப்படி நிபந்தனை போட்டால் ஜி.பி.எல். உரிமத்தோடு ஒத்துவராது. 1999இல் வெர்னர் கோக் ஜெர்மனியிலிருந்து பி.ஜி.பி.க்கு மாற்றாக ஜி.பி.எல். உரிமத்தில் எழுதிய குனூ பிரைவசி கார்டின் 1.0 பதிப்பை வெளியிட்டபோது ஐடியாவையும் ஆர்.எஸ்.ஏ.யையும் வெளியே விட்டுத்தான் வெளியிட வேண்டியிருந்தது. பழைய பி.ஜி.பி.யில் பூட்டியவர்கள் புதியதில் நேரே திறக்க முடியாமல் திண்டாடினார்கள். 2012 அளவில் ஐடியாவின் ஆக்கவுரிமைகள் முடிந்த பிறகே அது உள்ளே வந்தது. அதற்குள் யாருக்கும் ஐடியா தேவைப்படவில்லை.

உங்கள் வீட்டு வைஃபையில்கூட இதன் தடம் இருக்கிறது. ஓ.சி.பி. என்ற முறை வேகமானது, அழகானது. ஒரே ஓட்டத்தில் பூட்டவும் செய்யும், யாரும் மாற்றவில்லை என்று உறுதிப்படுத்தவும் செய்யும். ஆனால் ஆக்கவுரிமை இருந்தது. தர நிர்ணயக் குழு அதைத் தவிர்த்து, தடை இல்லாத சி.சி.எம். முறைக்குப் போனது, வைஃபைப் பாதுகாப்பு முறையான டபிள்யூ.பி.ஏ.2 இன்றுவரை அதைத்தான் பாவிக்கிறது. ஓ.சி.பி.யைக் கண்டுபிடித்த பிலிப் ரோகவே திறந்த மூலத்துக்கு இலவச அனுமதியும் கொடுத்துப் பார்த்து, கடைசியில் 2021இல் ஆக்கவுரிமைகளையே கைவிட்டார். பூட்டு நல்ல பூட்டுத்தான். பேட்டன்ட் இருந்ததால் வாங்க ஆளில்லை. இது பழைய கதை என்றும் நினைக்க வேண்டாம். குவாண்டம் கணினிக்குத் தாக்குப்பிடிக்கும் கைபர் முறையை 2022இல் அமெரிக்கத் தர நிறுவனம் தெரிவு செய்தபோது, அதைத் தொடும் ஆக்கவுரிமைக்காரர்களோடு பேசி ஒப்பந்தம் செய்த பிறகுதான் 2024 ஓகஸ்டில் தரமாக வெளியிட்டது. அந்த அனுமதியும் வெளியிட்ட தரத்துக்குத்தான், நாம் இஷ்டப்படி மாற்றியமைத்தால் அதற்கு இல்லை.

பேட்டன்ட் யோசனைக்கு இவ்வளவு நீளமாகப் பதில் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் அந்தப் பொறுப்பாளர் மாணவியைப் பாராட்டத்தான் அப்படிச் சொன்னார். அதுதான் மனதை உறுத்துகிறது.

இனி ஒப்பமிடும் விதிக்கு வருவோம். 'இவ்வளவு சின்னத் திருத்தத்துக்கு ஏன் இவ்வளவு கேள்வி?' என்று உங்களில் ஒருவரே கேட்டார். கரைவலை இழுக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கக் கூடாது. வலை சம்மாட்டியுடையது, இழுப்பவர்கள் பலர். யாருக்கு எத்தனை பங்கு என்று வலை வளைக்க முதலே பேசிவிடுவார்கள். மீன் கரைக்கு வந்த பிறகு பேசினால் அடிபிடிதான்.

ஓப்பன்எஸ்.எஸ்.எல். மென்பொருளுக்கு நடந்தது அதுதான். உலகத்து இணையதளங்களில் பெரும்பங்கின் பூட்டு அது. அதன் பழைய உரிமத்தில் விளம்பர நிபந்தனை ஒன்று இருந்தது, ஜி.பி.எல். மென்பொருட்களோடு சேராது. மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தபோது, அதுவரை நிரல் கொடுத்தவர்கள் எந்தத் தாளிலும் ஒப்பமிட்டிருக்கவில்லை. 2017இல் கிட்டத்தட்ட 400 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பிச் சம்மதம் கேட்டார்கள். பதில் போடாவிட்டால் சம்மதம் என்று எடுப்போம் என்றதற்குப் பலர் கொதித்தார்கள்; நியாயமான கொதிப்புத்தான். சம்மதிக்காதவர்களுடைய நிரலை நீக்க வேண்டியும் வந்தது. அப்பாச்சி 2.0 உரிமத்தோடு 3.0 பதிப்பு வெளிவந்தது 2021 செப்டம்பரில்.

லினக்ஸ்காரர்களுக்குப் பாடம் வேறு வழியாக வந்தது. 2003இல் எஸ்.சி.ஓ. என்ற கம்பனி, லினக்ஸுக்குள் தன் நிரல் இருக்கிறது என்று வழக்குத் தொடங்கியது. அதற்குப் பிறகு 2004இல் ஒரு சின்னச் சான்றை உருவாக்கினார்கள். ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் ஒரு வரி: இதை நான் எழுதினேன், அல்லது தர எனக்கு உரிமை இருக்கிறது, இது நிரந்தரப் பதிவில் இருக்கும் என்று அறிவேன். பெயர், மின்னஞ்சல். அவ்வளவுதான். சட்டத்தரணி தேவையில்லை, முத்திரை தேவையில்லை. குனூ பிரைவசி கார்டும் முன்பு பதிப்புரிமையையே ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுக்கச் சொன்னது, பிறகு இந்த ஒற்றை வரிக்கு மாறிவிட்டது.

ஆனால் அந்த ஒற்றை வரி ஒரு சத்தியம். ஒன்பதாம் பந்தியில் கையெழுத்திட்ட பிள்ளை அதை எப்படிச் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், பலர் சொல்கிறார்கள். நாளைக்கு நீங்களோ, உங்கள் நிறுவனத்தை வாங்குபவரோ அந்தப் பந்தியைத் தூக்கிக்கொண்டு வந்தால், பூட்டு மென்பொருள் ஒன்றின் மையத்தில் உரிமை தெளிவில்லாத நாற்பது வரி இருக்கும். பராமரிப்பவர்கள் பயப்படுவது அதற்குத்தான். அவர்கள் கேட்டது சரி, அவள் மறுத்ததும் சரி. நடுவில் நிற்பது உங்கள் தாள்.

உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். வாடிக்கையாளருக்குச் செய்யும் வேலையை ஒரு பயிலுநர் இணையத்தில் போட்டுவிட்டால் உங்கள் பெயர்தான் கெடும். சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின்போது எழுதியதன் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தொழில்தருநருக்கே என்று நமது சட்டமே சொல்கிறது. அதில் எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால் பஸ் காசுகூடக் கொடுக்காமல் மூன்று மாதம் வைத்திருக்கும் பிள்ளை ஊழியரா? இரவில் வீட்டில், தன் மடிக்கணினியில் செய்தது வேலையின்போது செய்ததா? சட்டம் தருவதைவிட அதிகமாக ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்கிறீர்கள்; அதை வைத்து எதுவும் செய்வதுமில்லை.

ஒருவர் இன்னொரு பயத்தையும் சொன்னார்: என்கிரிப்ஷன் என்றாலே அரசாங்கப் பிரச்சினை வராதா? அமெரிக்காவில் ஒருகாலத்தில் வந்தது. பி.ஜி.பி.யை 1991இல் எழுதிய பில் சிம்மர்மன் மீது ஏற்றுமதிச் சட்டத்தின் கீழ் மூன்று வருடம் விசாரணை நடத்தி, 1996இல் கைவிட்டார்கள். மூலநிரலைப் புத்தகமாக அச்சடித்துக் கப்பலேற்றிய வேடிக்கையும் நடந்தது. புத்தகத்தை யார் தடுப்பது? இப்போது அங்கே நிலைமை மாறிவிட்டது. 2021 மார்ச்சிலிருந்து, பகிரங்கமாகக் கிடைக்கும், நிலையான முறைகளைப் பாவிக்கும் மூலநிரலுக்கு முன்பு அனுப்பவேண்டியிருந்த அறிவித்தல் மின்னஞ்சல்கூடத் தேவையில்லை. இந்தத் திருத்தமோ பூட்டின் பொறிமுறையைத் தொடவே இல்லை. கொம்பையும் அரவையும் சேர்த்து வைக்கிறது.

நான் கேட்பது பெரிதில்லை. ஒன்பதாம் பந்தியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதியது. உங்கள் சட்டத்தரணியிடம் காட்டித் திருத்துவதில் ஆட்சேபம் இல்லை.

'பயிலுநர் தமது சொந்த நேரத்தில், சொந்தச் சாதனத்தில், நிறுவனத்தினதோ அதன் வாடிக்கையாளரதோ மூலநிரலையும் இரகசியத் தகவலையும் பயன்படுத்தாமல் எழுதும் மென்பொருளின் பதிப்புரிமை பயிலுநருக்கே உரியது. அதனைத் திறந்த மூல உரிமம் ஒன்றின் கீழ் வெளியிடவும், அத்தகைய மென்பொருளுக்குப் பங்களித்துத் தமது பெயரில் ஒப்பமிடவும் நிறுவனத்தின் அனுமதி தேவையில்லை. அவ்வாறு வழங்கப்பட்டவற்றின் மீது நிறுவனம் ஆக்கவுரிமை கோராது. பயிற்சி நேரத்தில் எழுதியவற்றைப் பங்களிக்க விரும்பினால், பயிலுநர் எழுத்தில் கேட்டு 14 நாட்களுக்குள் நிறுவனம் எழுத்தில் பதில் தர வேண்டும்.'

ஏற்கெனவே பழைய படிவத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு ஒரு வரிக் கடிதம் போதும். கடிதத் தலைப்புத் தாளில், திகதியோடு.

ஐயாவுக்கு மகன் இப்போது இலக்கத்தில் கடவுச்சொல் மாற்றிக் கொடுத்திருக்கிறார். எட்டு இலக்கம்; பிறந்த திகதி என்று நினைக்கிறேன், நான் கேட்கவில்லை. மாணவியின் திருத்தம் இன்னும் ஒப்பத்துக்காகக் காத்திருக்கிறது.

தை மாதப் பிரிவுக்குப் படிவம் நூறு பிரதி எடுத்துத் தரச்சொல்லி உங்களில் இரண்டு பேர் மூலத்தாளை என்னிடம் தந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். புதன்கிழமை மெஷினில் போடுகிறேன். அதற்கு முதல் ஒருதரம் தொலைபேசியில் சொல்லுங்கள்: ஒன்பதாம் பந்தி பழையதா, புதியதா?

இப்படிக்கு,
உப்புவெளியில் கொப்பிக் கடை வைத்திருப்பவன்